உஷார்! ‘ஒரு சின்ன வெல்டிங் போட்டா போதும்’ என்று விற்கப்படும் அலுமினியப் படகு

ஏரிகளில் பனி உருகியதும் ஒன்டாரியோ, மிச்சிகன், மின்னசோட்டா பக்கமெல்லாம் ஒரு காட்சியைப் பார்க்கலாம். வீட்டு வாசலில் டிரெய்லர், அதன் மேல் பதினான்கு அடி, பதினாறு அடிப் பழைய அலுமினியப் படகு, அதன் மூக்கில் ‘விற்பனைக்கு’ என்ற அட்டை. விலை கேட்டால் ஆசை வரும். விற்பவர் கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்: “அடியில லேசா தண்ணி கசியும். ஒரு சின்ன வெல்டிங் போட்டா போதும்.”

அந்த ஒரு வரிக்காகத்தான் இந்தக் கட்டுரை. அலுமினியப் படகில் ‘சின்ன வெல்டிங்’ என்று ஒன்று கிடையாது. தகட்டில் ஓட்டை விழுந்திருக்கிறது என்றால் ஏதோ ஒன்று அதைத் தின்றிருக்கிறது. பழைய வெல்டிங் பிளந்திருக்கிறது என்றால் ஏதோ ஒன்று அதை ஓயாமல் அசைத்திருக்கிறது. எது என்று தெரியாமல் மேலே ஒரு ஒட்டுப் போட்டால், அதே இடத்துக்கு ஓர் அங்குலம் தள்ளி மறுபடி பிளக்கும். இந்த முறை வீட்டு வாசலில் அல்ல, ஏரியின் நடுவில்.

ஏரி நடுவில் என்றால் என்ன அர்த்தம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மே மாதத்தில் வெயில் அடிக்கும், தண்ணீர் மட்டும் இன்னும் பனிக்காலத்தை மறந்திருக்காது. குளிர்நீரில் விழுந்தவர்களின் உடலை ஆராய்ந்த மனிடோபா பல்கலைக்கழகத்தின் கார்டன் கீஸ்பிரெக்ட் ஒரு கணக்கைப் பரப்பினார்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர 1 நிமிடம், கைகால்கள் சொன்னபடி கேட்பது 10 நிமிடம், நினைவு தப்ப 1 மணி நேரம். லைஃப் ஜாக்கெட் போடாதவருக்குக் கடைசி ஒரு மணி நேரம் கணக்கிலேயே வராது.

புது ஃப்ளோர், புது பெயின்ட்: பயப்படுங்கள்!

“மச்சான், ஃப்ளோர் புதுசா போட்டிருக்கான், பெயின்ட்டும் புதுசு, அள்ளிட்டு வந்திடவா?” என்று வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். புது ஃப்ளோருக்கு அடியில் என்ன மரம் போட்டார்கள் என்பது போட்டோவில் தெரியாதே!

அலுமினியம் துருப்பிடிக்காது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறோம். பாதி உண்மை. காற்றுப் பட்டதும் அதன் மேல் ஓர் ஆக்சைடு படலம் தானாகவே உருவாகிறது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலம், ஆனால் கெட்டி. கீறினால் அடுத்த நொடியே மறுபடி மூடிக்கொள்ளும். அதற்கு இரண்டு நிபந்தனைகள். ஒன்று, ஆக்சிஜன் கிடைக்க வேண்டும். இரண்டு, தொடும் ஈரம் அளவுக்கு மீறிய அமிலமாகவோ காரமாகவோ இருக்கக் கூடாது. பி.எச். அளவு ஏறக்குறைய 4-லிருந்து 8.5 வரை இருந்தால் படலம் பிழைக்கும். அதைத் தாண்டினால் இரு பக்கமும் கரையும்.

படகில் இந்த இரண்டு நிபந்தனைகளும் உடையும் இடங்கள் எல்லாமே கண்ணுக்கு மறைவானவை. ஃப்ளோருக்கு அடியில் மிதப்புக்காக நிரப்பியிருக்கும் ஃபோம், வருடக்கணக்கில் தண்ணீர் குடித்து ஊறிக் கிடக்கும். அது தகட்டோடு ஒட்டியிருக்கும் இடத்தில் ஈரம் உண்டு, காற்று இல்லை. டிரெய்லரில் படகு உட்காரும் கட்டைகளுக்குக் கார்ப்பெட் சுற்றியிருப்பார்கள், அதுவும் அப்படித்தான். உப்புத் தண்ணீரில் ஓட்டிவிட்டு வந்த படகை அந்த ஈரக் கார்ப்பெட்டின் மேல் மாதக்கணக்கில் நிறுத்தினால், கட்டை தொடும் கோடு நெடுக அம்மைத் தழும்பு விழும். வெளியே பார்த்தால் வெள்ளை மாவு பூத்த ஒரு புள்ளி, அல்லது பெயின்ட்டில் ஒரு கொப்புளம். சொத்தைப் பல் மாதிரிதான்: மேலே கறுப்புப் புள்ளி, உள்ளே குகை. கத்தி முனையால் அந்த வெள்ளை மாவைச் சுரண்டிப் பாருங்கள். சின்னப் படகுகளின் தகடு பெரும்பாலும் ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து இரண்டரை மில்லிமீட்டர் கனம்தான். ஒரு மில்லிமீட்டர் குழி என்றால் பாதித் தகடு போய்விட்டது என்று பொருள்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஃப்ளோரில் ஒரு பலகையையாவது கழற்றச் சொல்லுங்கள். “அதெல்லாம் எதுக்கு சார், நல்லாத்தான் இருக்கு” என்று விற்பவர் இழுத்தால், பர்ஸை உள்ளே வையுங்கள்.

பச்சை மரம் என்ற எமன்

இப்போது சொல்லப்போவது வட அமெரிக்காவில் பழைய அலுமினியப் படகுகளைச் சத்தமில்லாமல் கொன்றுகொண்டிருக்கும் விஷயம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

படகின் பின்பக்கம் மோட்டாரைத் தாங்கும் சுவரை டிரான்சம் என்பார்கள். சாதாரணப் படகுகளில் இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளைவுட் வைத்திருப்பார்கள். பத்து, இருபது வருடத்தில் அந்த பிளைவுட் மக்கிவிடும். மாற்ற வேண்டியதுதான். வீட்டுக்காரர் ஹார்டுவேர் கடைக்குப் போகிறார். ‘இனிமேல் மக்கவே கூடாது’ என்ற நல்ல எண்ணத்தில், மொட்டைமாடித் தளத்துக்கும் வேலிக்கும் போடுகிற, மருந்தேற்றிய பச்சைநிற பிளைவுட்டை வாங்கி வருகிறார். ஃப்ளோருக்கும் அதையே போடுகிறார்.

அந்த மருந்தில் இருப்பது செம்பு.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 2003-ஆம் ஆண்டின் இறுதிவரை வீட்டு உபயோக மரங்களில் குரோமியம், செம்பு, ஆர்சனிக் மூன்றும் கலந்த மருந்து ஏற்றினார்கள். ஆர்சனிக் நஞ்சு என்பதால் வீட்டு உபயோகத்துக்கு அதைக் கைவிட்டார்கள். பதிலாக வந்த மருந்துகளில் செம்பின் அளவு முன்பைவிட அதிகம், அரிப்பைக் கொஞ்சம் மட்டுப்படுத்திக்கொண்டிருந்த குரோமியமும் இல்லை. மனிதனுக்கு நல்லது. அலுமினியத்துக்கு மரண தண்டனை. மரம் ஈரமாகும்போது செம்பு கரைந்து தகட்டின் மேல் படிகிறது. படிந்த ஒவ்வொரு துகளும் ஒரு குட்டி மின்கலம். அதில் செம்பு பிழைக்கும், அலுமினியம் கரையும். நாற்பது வருடம் ஒரு பொத்தல் இல்லாமல் ஓடிய படகு, ‘புது ஃப்ளோர்’ போட்ட சில வருடத்திலேயே சல்லடையாகிவிடும்.

நடுவில் கார்ப்பெட் போட்டிருக்கிறேன், பெயின்ட் அடித்திருக்கிறேன் என்று சமாதானம் சொல்பவர்கள் உண்டு. போல்ட் போகிற ஓட்டை போதும், ஈரம் அதன் வழியே நடந்து வர. மருந்தேற்றாத மெரைன் பிளைவுட் அல்லது தரமான வெளிப்புற பிளைவுட் வாங்கி, வெட்டிய விளிம்பு, துளையிட்ட ஓட்டை எல்லாவற்றுக்கும் எபாக்ஸி பூசி மூடுவதுதான் சரியான வழி. போல்ட் போகும் துளையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு, எபாக்ஸியால் நிரப்பி, காய்ந்த பிறகு நடுவில் மறுபடி துளையிட வேண்டும். நேரம் பிடிக்கும் வேலை. அதனால்தான் ‘அவசரமாக விற்க வேண்டும்’ என்பவர் அதைச் செய்திருக்க மாட்டார்.

செம்பு வேறு வேடத்திலும் வரும். படகின் அடியில் பாசி பிடிக்காமலிருக்க அடிக்கும் பெயின்ட்டில் பலவற்றுக்கு உயிர்நாடியே செம்பு ஆக்சைடுதான். ஃபைபர் படகுக்குச் சரி, அலுமினியத்துக்கு ஆகவே ஆகாது. அலுமினியத்துக்கென்று தனியாகப் பெயின்ட் உண்டு, டப்பாவில் அச்சிட்டிருக்கும், படித்துவிட்டு வாங்குங்கள். பாக்கெட்டிலிருந்து விழுந்து அடித்தட்டில் ஈரத்தோடு கிடக்கும் ஒரு செப்புக் காசும் போதும். தூண்டில்காரர்கள் சிந்துகிற ஈயக்குண்டுகளும் இதே சாதிதான். சீசன் முடிந்ததும் அடித்தட்டைப் பெருக்கிச் சுத்தம் செய்யும் பழக்கம் இல்லாதவர்கள் இன்றே தொடங்கலாம்.

இது புதிதாகக் கண்டுபிடித்த ஆபத்தா என்றால், இல்லவே இல்லை. 1895-இல் அமெரிக்கா கோப்பைப் பந்தயத்துக்காக நத்தானியேல் ஹெரஷாஃப் ‘டிஃபெண்டர்’ என்ற பாய்மரப் படகை வடிவமைத்தார். எடை குறைய வேண்டும் என்று நீருக்கு மேலே அலுமினியத் தகடு, நீருக்குக் கீழே வெண்கலத் தகடு, உள்ளே எஃகுச் சட்டங்கள். மூன்று உலோகங்கள், சுற்றிலும் உப்புத் தண்ணீர். கோப்பையை ஜெயித்தது. ஆனால் படகு தன்னைத்தானே தின்னத் தொடங்கியது. 1901-இல் உடைத்துப் பழைய இரும்புக் கணக்கில் போட்டுவிட்டார்கள். அதோடு உலகம் பாடம் படித்ததா? 2010-இல் அமெரிக்கக் கடற்படையில் சேர்ந்த அலுமினியப் போர்க்கப்பல் ‘இன்டிபெண்டன்ஸ்’, மறு வருடமே செய்தியில் அடிபட்டது. எஃகு உந்துபொறிப் பகுதி அலுமினிய உடலோடு சேரும் இடத்தில் கடுமையான அரிப்பு. கடற்படையிடமே தப்பாத வேதியியல், நம் வீட்டு வாசலில் நிற்கும் படகை விட்டுவைக்குமா?

எங்கே கசிகிறது என்று பார்க்கப் போய்...

கசிவைக் கண்டுபிடிக்கப் பலரும் செய்வது, படகை டிரெய்லரிலேயே வைத்து உள்ளே ஹோஸ் பைப்பைப் போட்டு நிரப்புவது. ஐயோ, கொஞ்சம் நிறுத்துங்கள்! நான்கு மீட்டர் நீளம், ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைந்த அகலம், பத்தே பத்து சென்டிமீட்டர் தண்ணீர்: கிட்டத்தட்ட 480 கிலோ. வெறும் படகின் எடையைவிடப் பல மடங்கு. படகு வெளியிலிருந்து தண்ணீர் தாங்குவதற்காகக் கட்டப்பட்டது, உள்ளிருந்து அல்ல. டிரெய்லரின் இரண்டு கட்டைகளுக்கு நடுவே தகடு தொங்கிவிடும், இல்லாத விரிசலும் புதிதாக வரும். இரண்டு விரல் அளவுத் தண்ணீர் போதும். மூக்கைத் தூக்கிப் பின்பகுதியை ஒருமுறை, பின்பக்கத்தைத் தூக்கி முன்பகுதியை ஒருமுறை என்று பாருங்கள். வெளியே ஈரம் கசியும் இடத்தை மார்க்கரால் குறித்துக்கொள்ளுங்கள். மயிரிழை விரிசலுக்குச் சிவப்புச் சாயம் ஊறவைத்து வெள்ளைப் பொடி தெளித்துக் காட்டும் ஸ்ப்ரே கிட் கடைகளில் கிடைக்கிறது, அது இன்னும் நம்பகமானது.

குறித்தவுடன் வெல்டரைக் கூப்பிடாதீர்கள். முதலில் முழுவதும் காய வேண்டும், காரணம் கீழே.

வெல்டிங்: கண்ணுக்குத் தெரியாத நான்கைந்து எமன்கள்

இரும்பு வெல்டிங்கில் பத்து வருட அனுபவம் உள்ளவர் அலுமினியத்தைத் தொட்டதும் ஓட்டை போடுவது சகஜம். குற்றம் அவருடையது அல்ல, உலோகத்தின் குணம் அப்படி. அலுமினியம் உருகுவது 660 டிகிரி செல்சியஸில். அதன் மேல் போர்த்தியிருக்கும் ஆக்சைடு உருகுவது 2,000 டிகிரிக்கும் மேலே. தோல் உருகுவதற்குள் உள்ளே சதை கூழாகிவிடும். இரும்பு போலச் சிவந்து எச்சரிக்கவும் செய்யாது. வெள்ளையாகவே இருந்துகொண்டு திடீரென்று பொத்தென விழும். அதனால் முதலில் அந்தத் தோலை நீக்க வேண்டும். இதற்கென்றே தனியாக வைத்திருக்கும், இரும்பின் மேல் ஒருமுறைகூடப் படாத ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பிரஷ் வேண்டும். நேற்று இரும்புக் கேட்டைத் தேய்த்த பிரஷை எடுத்துத் தேய்த்தால் இரும்புத் தூளைத் தகட்டுக்குள் விதைத்ததாகிவிடும். அது பின்னால் துருவாகவும் குழியாகவும் முளைக்கும். இரும்புக்கான கிரைண்டிங் கல்லையும் அலுமினியத்தில் வைக்கக் கூடாது. அலுமினியம் கல்லின் துளைகளில் அப்பிக்கொள்ளும், கல் சூடேறி வெடிக்கவும் கூடும்.

எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ஒரு கேனைத் தேடுவார்கள். கராஜில் கைக்கு அகப்படுவது பிரேக் கிளீனர். இந்த இடத்தில் கத்தியே சொல்கிறேன்: வெல்டிங் வைக்கப் போகும் இடத்தில் பிரேக் கிளீனர் வேண்டவே வேண்டாம்! பல பிரேக் கிளீனர்களில் குளோரின் சேர்ந்த கரைப்பான் இருக்கிறது. லேபிளில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்றோ மெத்திலீன் குளோரைடு என்றோ இருக்கும். வெல்டிங் ஆர்க்கின் வெப்பமும் புற ஊதாக் கதிரும் அதைப் பாஸ்ஜீன் வாயுவாக மாற்றும். முதல் உலகப் போரில் நச்சு வாயுக்களால் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோரைக் கொன்றது அந்த வாயுதான். அதன் சூழ்ச்சி என்னவென்றால், மூச்சில் போனதும் லேசான இருமலோடு விட்டுவிடும். பல மணி நேரம் கழித்து, சில சமயம் மறுநாள், நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். அப்படி ஒரு சந்தேகம் வந்தால் ‘இப்போ சரியாயிடுச்சு’ என்று வீட்டில் படுக்கக் கூடாது, நேராக மருத்துவமனைதான். தகட்டைத் துடைக்க அசிட்டோன் போதும். அதுவும் முழுக்க ஆவியான பிறகு, அசிட்டோன் கேனையும் துணியையும் வெளியே கொண்டுபோய் வைத்த பிறகுதான் வெல்டிங்.

அடுத்த எமன் ஃபோம். தகட்டின் வெளிப்பக்கம் வெல்டிங் வைக்கும்போது உள்பக்கம் ஒட்டியிருக்கும் பாலியூரித்தேன் ஃபோம் புகையத் தொடங்கும். அந்தப் புகையில் சயனைடு வாயு உண்டு. மூடிய அறைக்குள் கனன்றுகொண்டே இருந்து, வெல்டர் டீ குடிக்கப் போனபின் தீப்பிடித்துக்கொண்டால் கேட்பாரில்லை. ஒட்டுப் போடும் இடத்தைச் சுற்றிலும் தாராளமாக ஃபோமை வெட்டி எடுத்த பிறகே தொட வேண்டும். ஃபோம் போனால் மிதப்பும் போயிற்று. வேலை முடிந்ததும் அதே அளவு ‘குளோஸ்டு செல்’ ஃபோம் திரும்ப வைக்க மறக்கக் கூடாது. அமெரிக்கச் சட்டப்படி 20 அடிக்குக் குறைவான மோட்டார் படகுகளில் பெரும்பாலானவை, உள்ளே தண்ணீர் நிரம்பினாலும் முழுகாமல் மிதக்க வேண்டும். அந்த மிதப்பைத் தருவதே அந்த ஃபோம்தான்.

பெட்ரோல் டேங்க் பற்றிச் சொல்லவே வேண்டாம் என்று நினைத்தேன். ஆனால் ஃப்ளோருக்கு அடியிலேயே டேங்க் பொருத்திய படகுகளில், ‘டேங்க் காலி’ என்ற தைரியத்தில் வெல்டிங் வைப்பவர்கள் இருக்கிறார்கள். காலி டேங்க்தான் ஆபத்து. அதில் இருப்பது பெட்ரோல் ஆவி. அது காற்றைவிடக் கனம், படகின் அடித்தட்டில் தேங்கி நிற்கும். டேங்கையும் குழாயையும் கழற்றிப் படகிலிருந்து வெகுதூரம் கொண்டுபோன பிறகே பொறி பறக்கலாம். வெல்டிங்குக்குப் பாதுகாப்பு வாயுவாக விடும் ஆர்கானும் காற்றைவிடக் கனம்தான். அதுவும் படகின் குழிவில் தேங்கும். நிறமில்லை, மணமில்லை. கராஜ் கதவை மூடிக்கொண்டு படகுக்குள் குனிந்து படுத்து வேலை செய்பவருக்கு மூச்சுமுட்டுவது தெரியாமலே மயக்கம் வரும். கதவைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும்.

பேட்டரியைக் கழற்றுவது, மோட்டாரின் எலெக்ட்ரானிக் இணைப்புகளைப் பிரிப்பது, எர்த் கிளாம்ப்பை ஒட்டுப் போடும் இடத்துக்குப் பக்கத்திலேயே மாட்டுவது எல்லாம் நல்ல வெல்டர் தானே செய்வார். செய்யாவிட்டால் அவர் வேறு வேலை பார்க்கட்டும்.

ஈரம் ஏன் ஆகாது என்று சொல்லவில்லையே. உருகிய அலுமினியம் ஹைட்ரஜனை ஏராளமாகக் குடிக்கும். உறையும்போது அதை வைத்துக்கொள்ள இடமில்லாமல் குமிழியாகக் கக்கும். அந்த ஹைட்ரஜன் வருவது ஈரத்திலிருந்தும் எண்ணெயிலிருந்தும்தான். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்த இடுக்கில் ஒரு சொட்டுத் தண்ணீர் ஒளிந்திருந்தால் போதும், வெல்டிங் முழுக்கத் துளையாகிவிடும். மேலே பளபளவென்று மீன் செதில் அடுக்கியது போலத் தெரியும். தேய்த்துப் பார்த்தால் ஊசிக்கண்கள். காய வைக்கச் சூடேற்றலாம், ஆனால் 120 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கேஸ் டார்ச்சை வைத்து வாட்டுகிறவரைப் பார்த்தால் தடுத்துவிடுங்கள்.

வெல்டர் எந்தக் கம்பி போடுகிறார் என்றும் கேளுங்கள். சின்னப் படகுகளின் தகடு பெரும்பாலும் 5052 கலவை, கனத்த தகட்டில் கட்டிய படகுகள் 5083 அல்லது 5086, கீல் (படகின் அடிமுதுகு) போன்ற, அச்சு வழியே அழுத்தித் தள்ளி எடுத்த பாகங்கள் பல சமயம் 6061. இவை எல்லாவற்றுக்கும் 5356 கம்பி ஒத்துப்போகும். வழுக்கிக்கொண்டு ஓடும், வேலைக்குச் சுலபம் என்பதால் 4043 கம்பியைச் சிலர் விரும்புவார்கள். மக்னீசியம் அதிகமுள்ள 5083, 5086 தகட்டில் அதைப் போட்டால் ஒட்டு நொறுங்கும் தன்மை கொண்டதாகிவிடும். வாயு சுத்தமான ஆர்கானாக இருக்க வேண்டும். இரும்பு மிக் வெல்டிங்குக்கு வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு கலந்த சிலிண்டரை மாட்டினால் கரியும் புகையும்தான் மிஞ்சும்.

பிளந்த இடம் மறுபடி ஏன் பிளக்கிறது?

இதுவரை சொன்னதெல்லாம் சரியாகச் செய்தும், ஒரே சீசனில் ஒட்டின் ஓரமாகவே மறுபடி விரிசல் ஓடும். ஓரமாக என்பதைக் கவனியுங்கள். 6061 கலவைக்கு வலிமை கொடுப்பதே தொழிற்சாலையில் அதற்குக் கொடுத்த வெப்பப் பதம். வெல்டிங் சூடு அந்தப் பதத்தைக் கலைத்துவிடும். 310 மெகாபாஸ்கல் இழுவிசை தாங்கிய உலோகம், ஒட்டின் பக்கத்தில் 165 அளவுக்கு இறங்கிவிடும். கிட்டத்தட்டப் பாதி. ஒட்டு அப்படியே நிற்கும், பக்கத்துத் தகடு கிழியும். அதன் மேலேயே மறுபடி ஒட்டு, மறுபடி சூடு, மறுபடி கிழிசல். மூன்று முறை வெல்டிங் வைத்த தழும்பு இருக்கும் படகை ‘நல்லா பலப்படுத்தியிருக்காங்க’ என்று புகழ்ந்து வாங்காதீர்கள்!

விரிசல் முடியும் நுனியைச் சாயம் போட்டுக் கண்டுபிடித்து, அங்கே மூன்று மில்லிமீட்டர் அளவில் ஒரு துளை போட வேண்டும். இல்லாவிட்டால் ஒட்டுக்கு அடியில் அது ஊர்ந்துகொண்டே போகும். பேட்ச் போடுவதென்றால் மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும். ‘கனமாப் போடுங்க, பலமா இருக்கும்’ என்று தகட்டைவிட இரண்டு மடங்கு கனத்தில் போடச் சொல்வது நம் ஊர்ப் புத்தி. கனத்த பேட்ச் அசையாது, பக்கத்துத் தகடு மட்டும் அசையும், விளிம்பில் முறியும்.

அதைவிட முக்கியம், எது அசைத்தது என்று பார்ப்பது. டிரான்சம் மூலையில் விரிசலா? உள்ளே பிளைவுட் மக்கியிருக்கும், அல்லது படகின் தகட்டில் ஒட்டியிருக்கும் அதிகபட்சக் குதிரைத்திறனைத் தாண்டிய மோட்டாரை யாரோ மாட்டியிருப்பார்கள். அடியில் குறுக்கு விலா ஒட்டு பிய்ந்திருக்கிறதா? டிரெய்லர் உருளைகள் ஒரே புள்ளியில் படகைத் தாங்கி, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் குத்தியிருக்கும். டிரெய்லரைச் சரிசெய்யாமல் படகைச் சரிசெய்வது தண்டச் செலவு.

ரிவெட் அடித்த படகுகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. கசிகிற ரிவெட்டைச் சுற்றி வெல்டிங் வைக்காதீர்கள். சூட்டில் தகடு விரிந்து சுருங்கும்போது இரண்டு பக்கமும் இருக்கும் நல்ல ரிவெட்டுகளும் தளர்ந்துவிடும். ஒன்று கசிந்த இடத்தில் ஐந்து கசியும். ஒரு பக்கம் கனமான இரும்பைப் பிடித்து மறுபக்கம் அடித்து இறுக்குவது, முடியாவிட்டால் பழையதை எடுத்துவிட்டு முழு அலுமினிய ரிவெட் போடுவது, இதுதான் வழி. கடையில் கிடைக்கும் சாதாரண பாப் ரிவெட்டின் நடு ஓட்டை வழியாகவே தண்ணீர் வரும், உள்ளே இரும்பு ஊசியின் முனையும் மாட்டிக்கொண்டு துருப்பிடிக்கும்.

‘லைட்டர் சூட்டிலேயே ஒட்டும்’ குச்சி

பொருட்காட்சிகளில் செய்து காட்டுவார்கள். ஒரு சோடா கேனில் ஓட்டை போட்டு, டார்ச்சைக் காட்டி, ஒரு குச்சியைத் தேய்த்தால் அடைந்துவிடும். கைதட்டல். அந்தக் குச்சி பெரும்பாலும் துத்தநாகக் கலவை. அலுமினியத்தைவிட மிகக் குறைந்த சூட்டில் உருகும். சுத்தமான, புதிய, மெல்லிய தகட்டில் ஒட்டுவது உண்மைதான். பல வருடம் தண்ணீர் குடித்த படகுத் தகடு அப்படியா இருக்கிறது? இதில் இன்னொரு வில்லங்கம்: அது விட்டுப்போன பிறகு அதே இடத்தில் முறையான வெல்டிங் வைக்க வந்தால், தகட்டில் ஊறிய துத்தநாகம் ஆவியாகிப் புகைந்து ஒட்டையெல்லாம் துளையாக்கும். நல்ல வெல்டர்கள் அந்தப் பகுதியையே வெட்டி எறியச் சொல்வார்கள்.

சிலிக்கோன் பசையும் அதே ரகம். கசிவில் அப்பிவிட்டால், பின்னால் பெயின்ட்டோ எபாக்ஸியோ வெல்டிங்கோ எதுவும் ஒட்டாது. புளித்த வாசனை வரும் சிலிக்கோன் என்றால் அதிலிருந்து வெளிவருவது அசெட்டிக் அமிலம், அலுமினியத்துக்கு அதுவும் ஆகாது. ஊசிமுனைக் குழிகளுக்கு எபாக்ஸி நல்ல மருந்துதான், நான் எதிரியில்லை. ஆனால் தேய்த்து வைத்துவிட்டு மறுநாள் பூசினால் நடுவில் ஆக்சைடு படலம் உட்கார்ந்துகொள்ளும், சில மாதத்தில் வில்லையாகக் கழன்று விழும். எபாக்ஸியை ஈரமாகப் பூசி, அதன் மேலேயே உப்புத்தாளால் தேய்த்து, காற்றுப் படாமல் புதுத் தகட்டில் ஒட்டவைப்பதுதான் தெரிந்தவர்கள் செய்யும் முறை. மோட்டார் தாங்கும் இடம், விலா ஒட்டு, கீல் இவற்றுக்கு எபாக்ஸி வேண்டாம்.

ஒட்டுப் போட்டாயிற்று, பெயின்ட் அடித்தாயிற்று. இனி அரிப்பைத் தன் மேல் வாங்கிக்கொண்டு சாகும் பலிக்கட்டையைப் பாருங்கள். மோட்டாரிலும் படகிலும் திருகியிருக்கும் அந்த உலோகக் கட்டி ஏரிப் படகுக்கு மக்னீசியமாக இருக்க வேண்டும். துத்தநாகக் கட்டி நன்னீரில் மேலே ஓர் ஓடு கட்டிக்கொண்டு தூங்கிவிடும். வருடக்கணக்கில் தேயாமல் புதிதாகவே இருக்கிறது என்று மகிழ்ந்துபோவோம், தேய்ந்துகொண்டிருப்பது படகு. அதே மக்னீசியத்தோடு படகைக் கடலுக்குக் கொண்டுபோனால் வேகம் தலைகீழாகும். தேவைக்கு மேல் மின்னழுத்தம் உண்டாகி, அலுமினியத்தைச் சுற்றிக் காரம் சேர்ந்து, பெயின்ட் கொப்புளித்துத் தகடு கரையும். இரண்டு தண்ணீரிலும் ஓட்டுபவர்களுக்கு அலுமினியக் கலவையில் செய்த கட்டிகள் உண்டு.

படகுத் துறையில் கரண்ட் இழுத்து பேட்டரி சார்ஜ் போடுபவர்கள், நடுவில் கால்வனிக் ஐசொலேட்டர் மாட்டியிருக்கிறார்களா என்று ஓர் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பாருங்கள். அது இல்லாவிட்டால், எர்த் கம்பி வழியாகப் பக்கத்துப் படகின் வெண்கல விசிறியோடு உங்கள் தகடு இணைந்திருக்கலாம். பேட்டரியின் நெகட்டிவ்வைப் படகின் உடம்பிலேயே மாட்டிக் கம்பியை மிச்சம் பிடித்திருந்தால் உடனே கழற்றுங்கள். காரில் செய்யலாம், இதில் கூடாது. ஒவ்வொரு விளக்குக்கும் பம்ப்புக்கும் போக ஒரு கம்பி, வர ஒரு கம்பி.

ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? டிரான்சம் பலகையை முந்தைய உரிமையாளர் மாற்றியிருக்கிறார் என்றால், இந்த வாரமே மோட்டாரை இறக்கி ஒரு போல்ட்டைக் கழற்றுங்கள். துளைக்குள் ஒரு சின்ன டிரில் பிட்டை விட்டு மரத்தூளை எடுத்துப் பாருங்கள். கறுப்பாக, ஈரமாக வந்தால் மக்கிவிட்டது. பச்சை சாயம் தெரிந்தால் படகைத் தண்ணீரில் இறக்காதீர்கள். பலகையை எடுத்து, தகட்டைக் கழுவி, கனம் அளக்கும் அல்ட்ராசோனிக் கருவி வைத்திருப்பவரைக் கூப்பிட்டு எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று அளந்த பிறகுதான் வெல்டரிடம் விலை பேச வேண்டும்.